கூப்பிடு தூரம்

வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி ஹெல்கா, அறுபது தாண்டியவர், கையில் பச்சைக் குடை. பவேரியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனிதர். அவருடைய மனைவி. மடக்குக் கதிரையைத் தோளில் மாட்டியிருந்த ஒல்லாந்துக் கிழவர். காசல் நகரத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி. என் மகள் அபி. என் மனைவி சாந்தா. நான். எட்டுப் பேர். ஹெல்கா குடையின் நுனியால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணி, சரி என்று தலையை மேலும் கீழும் ஆட்டினார். பெர்லினின் கிழக்குப் பக்கத்தில், பெரிய தொலைக்காட்சிக் கோபுரத்தின் அடியில் நின்றோம். கம்யூனிச ஆட்சியின் கீழ் சனம் எப்படி இருந்தது, பிறகு அந்த ஆட்சியை எப்படிக் கவிழ்த்தது என்று நடந்து நடந்து காட்டும் மூன்று மணித்தியாலச் சுற்று. வரிசையில் நின்ற கதையைக் கேட்பதற்கு இந்த நாட்டில் முன்கூட்டியே டெர்மின் எடுத்து, நாளும் நேரமும் பதிந்து, வருகிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோரிடமும் சொந்தமாக ஒன்று இருக்கிறது.

சுற்றுக்கு முன்னர் பக்கத்துக் கடையில் கோப்பி குடித்தோம். பில்லோடு வந்த பெண் “சுசாமன்?” என்று கேட்டாள். சேர்த்தா, தனித்தனியா என்று அர்த்தம். ஜேர்மனியில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலிருந்து எழும்பினாலும் இந்தக் கேள்வி வரும். ஒரே மேசையில் இருந்தவர்கள் ஒன்றாகத்தான் கொடுப்பார்கள் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. புதிதாக வரும் எங்கள் ஆட்களுக்கு இது சிரிப்பு. நான் “யா, சுசாமன்” என்று வாயால் சொன்னேன். வாயால்தான் சொல்வேன். தலையை ஆட்ட மாட்டேன். நாற்பது வருடமாகக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்கிறேன். அபி சின்ன வயதில் அதைப் பார்த்து, அப்பா றோபோ மாதிரி என்று சிரிப்பாள். காரணம் அவளுக்குத் தெரியாது. சாந்தாவுக்கும் நான் சொல்லவில்லை.

எங்களில் கனபேர் இந்த நாட்டுக்குள் வந்தது கிழக்கு பெர்லின் வழியாகத்தான். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொழும்பில் ஏறி, மொஸ்கோவில் மாறி, கிழக்கு பெர்லினில் இறங்குவோம். அங்கே ஒரு துண்டில் முத்திரை குத்தித் தருவார்கள். அதோடு நகரத்து ரயில் நிலையத்துக்கு வந்தால், ஒரு பக்கத்தில் எல்லைச் சோதனை. அதைத் தாண்டிப் படியில் இறங்கி ரயில் ஏறினால் அடுத்த தரிப்பு மேற்கு. மேற்குக்காரர்கள் அந்தச் சுவரை எல்லை என்று ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் எங்களை யாரும் மறித்துக் கேட்கவில்லை. தன்னுடைய சனத்தை மதில் கட்டி அடைத்து வைத்திருந்த அரசு எங்களைக் கதவைத் திறந்து அனுப்பியது. அவர்கள் செத்துச் செத்துத் தாண்டப் பார்த்த சுவரை நாங்கள் பெட்டியோடு நடந்து தாண்டினோம்.

என்னோடு வந்தவன் ரவி. சாந்தாவின் தம்பி. இருபத்தொரு வயது. எனக்கும் சாந்தாவுக்கும் கலியாணம் நடந்து எட்டு மாதம். அந்த வீட்டில் அவன் ஒரே ஆம்பிளைப் பிள்ளை. ஊரில் இளம் பொடியன்களை வைத்திருக்க முடியாத காலம். மாமி அவனுடைய கையைப் பிடித்து என் கைக்குள் வைத்து, “அவனை உங்களோட வச்சிருங்கோ தம்பி” என்றார். மேற்குக்குப் போய்ச் சேர்ந்தது நான் மட்டும். ரவியைச் சோதனையில் மறித்துக் கொழும்புக்குத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். சட்டம் மாறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. காலையில் வந்தவனை விடுவார்கள், பின்னேரம் வந்தவனை மறிப்பார்கள்.

சாந்தா இது பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். மூன்று வருடம் கழித்து அவள் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று. ஹம் நகரத்துக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையில், குளிர்ச்சட்டைக்குள் கையை ஒளித்துக்கொண்டு கேட்டாள்.

“அவன் உங்களைக் கூப்பிடேல்லையோ?”

“கூப்பிட்டானோ தெரியாது. எனக்குக் கேக்கேல்லை. தூரம்.”

“எவ்வளவு தூரம்?”

“சந்தியிலயிருந்து வாசிகசாலை மட்டும் இருக்கும்.”

எங்கள் ஊரில் சந்தியிலிருந்து வாசிகசாலைக்குச் சைக்கிளில்தான் போவோம். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. நான் சொன்னது பொய். எனக்குக் கேட்டது.

இந்தச் சுற்று என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அபி தந்த பரிசு. அவள் பெர்லினில் வேலை செய்கிறாள். முதல்நாளே வந்து அவளுடைய வீட்டில் நின்றோம். எங்கே எங்கே போவோம் என்று நான் விசாரிக்கவில்லை. ஹெல்கா குடையை ஊன்றிக்கொண்டு பாதையைச் சொன்னார். இந்தச் சதுக்கம், பிறகு பழைய மாடிவீடுகள், ஒரு தேவாலயம், மிச்சமிருக்கும் மதில் துண்டு. கடைசியாக ரயில் நிலையத்துப் பக்கத்தில் இருக்கும் எல்லைச் சோதனை மண்டபம். சாந்தாவைப் பார்த்தேன். அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடம். நடக்கும்போது காலடிகளை எண்ணி நடக்கும்படி பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து எங்கே போனாலும் வாய்க்குள் எண்ணுவாள். வீட்டிலிருந்து தபால்பெட்டிக்கு எத்தனை, கடைக்கு எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

நடந்தோம். ஹெல்கா இந்த இடத்தில்தான் பிறந்து வளர்ந்தவர். காருக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்களாம். பிள்ளை பிறந்தவுடன் பிள்ளையின் பெயரில் ஒரு காருக்குப் பதிந்து வைத்த ஆட்களும் உண்டாம். தோடம்பழமும் வாழைப்பழமும் நத்தார்ப் பண்டிகையை ஒட்டித்தான் கடைக்கு வரும், வந்த செய்தி கேட்டதும் வேலையை விட்டுவிட்டு ஓடுவோம் என்றார். சுவர் திறந்த அன்று மேற்குக்குப் போன சனம் வாழைப்பழத்தைக் குலையாக வாங்கிக்கொண்டு வந்ததாம்.

சாந்தா என் காதுக்குள் சொன்னாள். “வாழைப்பழத்துக்கோ மதிலை உடைச்சவை?”

“கொஞ்சம் பேசாம வாரும்.”

“எங்கட வளவுக்கை வந்து நிண்டிருக்கலாம். மாடு திண்டது போக மிச்சம் வெட்டிக் குடுத்திருப்பம்.”

“அம்மா, லைஸ,” என்றாள் அபி. மெதுவாக என்று அர்த்தம்.

ஹெல்கா நின்றுவிட்டார். கேள்வி ஏதும் இருக்கிறதா என்று சாந்தாவைப் பார்த்தார். எல்லோரும் திரும்பினார்கள். சாந்தா பயப்படவில்லை. “நைன், நைன். பனான, குட்,” என்றாள். பவேரியாக்காரர் சத்தமாகச் சிரித்தார். அவள் வாழைப்பழத்துக்காக அனுதாபப்படுகிறாள் என்று நினைத்த ஹெல்கா, அவளுடைய தோளில் தட்டினார்.

பாணுக்கு நின்ற வரிசையைப் பற்றி ஹெல்கா எதுவும் சொல்லவில்லை. பாண் அவர்களுக்குக் கிடைத்ததாம், மலிவாகவும் கிடைத்ததாம். எங்களுக்கு ஒரு காலம் அதுதான் இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கூட்டுறவுக் கடை வாசலில் விடியவே வரிசை தொடங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு இறாத்தல். அந்த வரிசையில்தான் நான் சாந்தாவை முதலில் பார்த்தேன் என்று சொல்லலாம். பார்த்ததற்கு முன்னர் அவளைக் கூப்பிடுவதைக் கேட்டேன். ரவி முன்னுக்குப் போய் இடம் பிடித்துக்கொண்டு, “அக்கா, இஞ்ச! அக்கா, இஞ்ச!” என்று கத்துவான். எட்டு ஒன்பது வயது. மெலிந்த உடம்பு. ஆனால் குரல் மூன்று ஒழுங்கை தள்ளிக் கேட்கும். வரிசையில் நிற்கும் கிழவர்கள், “டேய், உன்ர அக்கா செவிடோ?” என்று ஏசுவார்கள். வளர்ந்த பிறகு கரப்பந்துப் போட்டிகளில் ஒலிபெருக்கி பழுதானால் புள்ளி சொல்லுவதற்கு அவனைத்தான் மேசையில் ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட குரல். பாணுக்கு நின்ற நான் இங்கே வந்து முப்பத்திரண்டு வருடம் பாண் தொழிற்சாலையில் தட்டு இழுத்தேன். உடைந்த பாணைத் தொட்டியில் கொட்டும்போதெல்லாம் அவனுடைய “இஞ்ச” கேட்கும்.

பழைய மாடிவீடுகளுக்கு முன்னால் ஹெல்கா உளவு பற்றிச் சொன்னார். யார் வீட்டுக்கு யார் வந்தது, யார் என்ன கதைத்தது என்று பக்கத்து வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்த காலம். ஆட்சி கவிழ்ந்த பிறகு அந்தக் கோப்புகளைச் சனத்துக்குப் பார்க்க விட்டார்கள். ஹெல்காவும் அன்ராக் என்று ஒரு விண்ணப்பம் எழுதிப்போட்டுத் தன்னுடைய கோப்பைப் பார்த்திருக்கிறார். இருநூற்றுச் சொச்சம் பக்கம். எழுதிக் கொடுத்தவள் அவருடைய சிநேகிதி. ஒரே படியில் ஏறி இறங்கியவள். பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

காசல் ஆசிரியை குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். சாந்தாதான் கேட்டாள். அவள் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற பகுதியில் இருபது வருடம் வேலை செய்தவள். அவளுடைய ஜேர்மன் அங்கே படித்தது. இலக்கணம் இல்லை, தயக்கமும் இல்லை.

“நீங்கள் அவளிடம் கேட்டது?”

“இல்லை,” என்றார் ஹெல்கா.

“ஏன் இல்லை?”

ஹெல்கா குடையின் பிடியைத் தடவினார். “அவளாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாண் கடையில் சந்திப்போம். வணக்கம் சொல்லுவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். போன வருடம் இறந்துவிட்டாள்.”

ஒல்லாந்துக் கிழவர் கதிரையை மடக்கினார். சாந்தா ஹெல்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மாடிவீட்டின் யன்னல்களை எண்ணத் தொடங்கினேன்.

தேவாலயத்துக்கு முன்னால் ஆட்சி கவிழ்ந்த கதை. அது பெரிய கதை, நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு நினைவில் நிற்பது மெழுகுதிரிதான். ஒரு கையில் மெழுகுதிரியைப் பிடித்தால் காற்றுக்கு மறைக்க மற்றக் கையும் வேணும், ஆகவே கல் எடுக்கக் கை இருக்காது, அதனால்தான் மெழுகுதிரி கொண்டுபோனோம் என்றார் ஹெல்கா. துவக்கோடு நின்றவர்களுக்கு முன்னால் அப்படியே நடந்தார்களாம். சாந்தா என்னைக் கேட்டாள்.

“சுடேல்லையோ?”

“சுடேல்லையாம்.”

“ஒருத்தரையும்?”

“அந்த இரவு ஒருத்தரையும் இல்லையாம்.”

அவள் தேவாலயக் கதவைப் பார்த்தாள். “நல்லது,” என்றாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். குளிர்காற்று அடித்தது.

ரவி ஊருக்குத் திரும்பிப் போய் ஏழு மாதம் இருந்தான். எட்டாவது மாதம் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனோடு பிடிபட்ட நாலு பேரில் இரண்டு பேர் வந்தார்கள். அவன் வரவில்லை. மாமி பதினாறு வருடம் எல்லா அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதினார். பிறகு அவரும் போய்விட்டார். அந்த ஏழு மாதத்தில் ரவி எனக்கு ஒரே ஒரு கடிதம் போட்டான். நான் அப்போது அகதிகள் விடுதியில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தேன். நீல நிற விமானக் கடிதம். “அத்தான், நீங்கள் கவலைப்படக் கூடாது. அது பெரிய இடம், சனமும் கூட. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டிருக்காது. அக்காவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்” என்று எழுதியிருந்தான். பெரிய இடம் இல்லை. சனமும் இல்லை. அவனுக்கும் அது தெரியும். நான் சொன்ன பொய்யை முதலில் சொன்னவன் அவன்தான். நான் அதைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வாசிகசாலையை மட்டும் நான் சேர்த்தேன்.

அந்த மண்டபத்தில் நடந்தது இதுதான். சோதனைக்கு ஒவ்வொருவராகக் கூண்டுக்குள் போக வேண்டும். நான் முதலில் போய், அந்தப் பக்கத்தால் வெளியே வந்து, படி தொடங்கும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். ரவி உள்ளே போனான். கனநேரம். பிறகு கூண்டுக் கதவு திறந்தது. அதிகாரி வெளியே வந்தார், கையில் அவனுடைய பாஸ்போட். ரவி வாசற்படியில் நின்றான். அதிகாரி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இரண்டு சுட்டுவிரல்களையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் காட்டினார். “சுசாமன்?” எனக்கு அப்போது ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் விரல் விளங்கியது. பயணத்தை ஒழுங்குசெய்த ஏஜென்சிக்காரர் கொழும்பில் வைத்துப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது என்று சொல்லுங்கோ, ஒருத்தன் பிடிபட்டால் மற்றவன் போக வேண்டும் என்று. நான் தலையை ஆட்டினேன். அதிகாரி பாஸ்போட்டை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஐந்தாறு மாதம் கழித்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த புதிதில், மேற்பார்வையாளர் சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். ஓம் என்று எங்கள் ஆட்கள் ஆட்டுவதுபோலத் தலையை இரண்டு பக்கமும் சரித்தேன். அவர் முகத்தைச் சுழித்து என் பெயரை வெட்டிவிட்டார். துருக்கிக்காரன் ஒருத்தன் கூட வேலை செய்தான். அவன்தான் சொன்னான். “நீ இல்லை என்று ஆட்டினாய்.” நான் மாவு மூட்டைக்கு மேலே இருந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு வழி திறந்தது. நான் ஓம் என்றுதான் ஆட்டினேன், அதிகாரிதான் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று எனக்கே சொல்லிக்கொள்ளலாம். கனகாலம் சொன்னேன். என் தலை அந்த நேரம் எந்த ஆட்டு ஆட்டியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்குத் தலை பொறுப்பில்லை. ரவி “அத்தான்” என்று கூப்பிட்டான். நான் பெட்டியைத் தூக்கினேன். திரும்பவும் “அத்தான்” என்றான். நான் படியில் இறங்கினேன்.

மதில் துண்டைப் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பினோம். நான் அபியைப் பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.

“ஏன் பிள்ளை இந்தச் சுற்றை எடுத்தனி? படகிலை போற ஒண்டு இருக்கெண்டு சொன்னியே.”

“நான் படகுதான் புக் பண்ணப் பாத்தனான் அப்பா. அம்மாதான் இதை எடுக்கச் சொன்னவா. கடைசியா அந்த மண்டபத்துக்குப் போகுமோ எண்டு ரண்டு தரம் போன் பண்ணிக் கேட்டவா. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவா.”

நான் சாந்தாவைப் பார்த்தேன். அவள் ஹெல்காவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டு போனாள்.

மண்டபம் கண்ணாடியும் இரும்பும். உள்ளே போக இப்போது காசும் இல்லை, துண்டும் இல்லை. இங்கே வந்து வழியனுப்பிவிட்டு அழுதபடி திரும்பிய சனம் அந்த அழுகையின் பெயரையே கட்டடத்துக்கு வைத்துவிட்டதாம். வாசலில் ஹெல்கா என்னிடம் வந்தார். நான் அதுவரை அவரோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

“நீங்கள் வியட்நாமா? ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர்களா? எங்கள் தொழிற்சாலையிலும் இருந்தார்கள்.”

“இல்லை. சிறிலங்கா. இந்த வழியால் மேற்குக்குப் போனேன்.”

“எப்போது? சுவர் விழுந்த பிறகா?”

“அதற்கு முதல்.”

அவர் நம்பவில்லை. அபி ஒழுங்கான ஜேர்மனில் விளக்கினாள். ஹெல்கா குடையைக் கைமாற்றினார். “என் பெரியம்மா மேற்கில் இருந்தார், வந்து போகும்போதெல்லாம் இந்த வாசல் மட்டும் கொண்டுவந்து விடுவேன், இதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இருபத்தெட்டு வயது மட்டும் எனக்குத் தெரியாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் நடந்து போயிருக்கிறீர்கள். குளுக் கெஹாப்ட்,” என்றார். அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சொன்ன விதத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் பொறாமை இருந்தது. நான் “யா” என்றேன்.

ஒரு கூண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். மரப்பலகை, மங்கல் வெளிச்சம். நிற்கிற ஆளின் முதுகையும் பார்க்க மேலே ஒரு கண்ணாடி சாய்த்துக் கட்டியிருக்கிறது. ஹெல்கா எல்லோரையும் ஒருதரம் உள்ளே போய் வரச் சொன்னார். பவேரியாக்காரரின் மனைவி வெளியே வந்து, பயங்கரம் என்றாள். ஆசிரியை படம் எடுத்தாள். ஒல்லாந்துக் கிழவர் வாசலில் கதிரையை விரித்து இருந்துவிட்டார். சாந்தா உள்ளே போனாள். கனநேரம் வரவில்லை. வந்ததும் வாசற்படியிலேயே நின்றாள், அவன் நின்றதுபோல. அவளுக்கு அது தெரியாது.

“நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?” என்று கேட்டாள்.

நான் நடந்து போனேன். படி இருந்த இடத்தை இப்போது சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தூணை எனக்குத் தெரியும். தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பினேன். ஹெல்கா சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் சொன்னார், “பாருங்கள், அவர் இப்போது மேற்கில் நிற்கிறார். மனைவி இன்னும் கிழக்கில்.” பவேரியாக்காரர் என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

சாந்தா என்னைப் பார்த்தாள். பிறகு மண்டபத்தை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு மட்டும் பார்த்தாள்.

“வாசிகசாலை எங்கையப்பா?”

குரலை உயர்த்தவில்லை. வீட்டில் குசினிக்குள் நின்று கேட்பதுபோலக் கேட்டாள். எனக்கு வடிவாகக் கேட்டது.

“என்ன வாசிகசாலை? பிப்ளியோதேக்கோ?” என்று அந்தச் சொல்லை ஜேர்மனில் கேட்டு, அபி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கேட்டது,” என்றேன்.

“என்ன?”

“அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, சாந்தா.”

“எத்தினை தரம்?”

“ரண்டு.”

“என்னெண்டு கூப்பிட்டவன்?”

“அத்தான் எண்டு. ரண்டாந்தரமும் அதுதான்.”

“திரும்பிப் பாத்தனீங்களோ?”

“இல்லை.”

அவள் கூண்டின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

“தெரியும்,” என்றாள். “அவன் திரும்பி வந்து, உங்களுக்குக் கேட்டிருக்காதெண்டு சொன்ன அண்டைக்கே தெரியும். அவன்ர குரல் எனக்குத் தெரியாதே?”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“ஒருக்காக் கேட்டனான். நீங்கள் வாசிகசாலை எண்டனீங்கள்.” கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். “பிறகு நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன். உந்த மனிசியைப் போல.”

ஹெல்காவுக்குத் தமிழ் தெரியாது. தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று மட்டும் விளங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு சுவரில் இருந்த படங்களுக்குப் போனார். அபி “வஸ் இஸ்ட் லோஸ்?” என்று கேட்டாள். என்ன நடந்தது என்று அர்த்தம். அவளுக்கு மாமா ஒருத்தர் இருந்தார் என்று தெரியும். படம் பார்த்திருக்கிறாள்.

சாந்தா கைப்பையை மகளிடம் கொடுத்தாள். குதிக்காலைக் கூண்டின் வாசற்படியோடு ஒட்டி வைத்தாள். பிறகு பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக் கொடுத்தபடி, முழங்காலை மெதுவாக மடக்கி, என்னை நோக்கி நடக்கத் தொடங்கினாள். இந்த முறை வாய்க்குள் இல்லை. ஒன்று. இரண்டு. சின்னச் சின்னக் காலடி. நடுவில் ஒருதரம் நின்று மூச்சு விட்டாள். நான் தூணுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன். நாற்பது வருடம் இந்த நாட்டில் உழைத்து, வீடு வாங்கி, பிள்ளை வளர்த்து, பாஸ்போட்டும் மாற்றிய பிறகும் நான் வந்து சேர்ந்த இடம் இந்தத் தூண்தான் என்று பட்டது. படியில் இறங்கியவன் இன்னும் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. அவளுடைய சப்பாத்தின் நுனி என் சப்பாத்தில் முட்டியது. என் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு கடைசி எண்ணைச் சொன்னாள்.

பதினொன்று.